கைகோத்து ஆடாத ஜனம்

நான் செய்த படங்களிலேயே எல்லாருக்கும் பிடித்துப்போனது ஒன்று உண்டு. செம்மண் நிறம் அடித்த ஒரு பலகை. அதன்மேல் வெள்ளைக் கோடுகளில் குச்சி மனிதர்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள். நடுவில் ஒருத்தன் மேளம் அடிப்பான். ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு மரம், ஒரு பாம்பு, ஒரு எலி. அதை வரைய எனக்கு ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. இன்றைக்கும் அது ஒரு அரசு அலுவலகத்தின் சுவரில் தொங்குகிறது. எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் என் மானம் மட்டுமா போகும், அங்கே விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் காரியமும் சேர்ந்து கெடும்.

அந்தப் படத்தால்தான் என் தங்கையின் படிப்பு போனது. போனது என்று என்ன பூசி மெழுகுவது, நான்தான் கெடுத்தேன்.

நாங்கள் இருளர். ஒலக்கூர் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிப் பதினேழு வீடு. அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. அம்மா சூளையில் செங்கல் அறுக்கிறாள். நான் சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டு, ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருக்கிறேன். பழங்குடி என்று சொல்லும் சாதிச் சான்றிதழ் எனக்கே கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது. கேட்கப் போனால், 'உங்கப்பனுக்கு இருந்தா கொண்டா, உனக்குக் குடுக்கறோம்' என்பார்கள். அப்பாவுக்கு யார் கொடுத்தார்கள்? நான் பொதுப் பிரிவில், வேறு யாரும் வேண்டாமென்று விட்ட ஒரு இடத்தில் ஏறித் தப்பித்தவள். ஓவியத்துக்கு அப்படி ஒரு இடம் மிஞ்சும். நர்ஸ் படிப்புக்கு மிஞ்சாது.

தங்கைக்கோ நர்ஸ் பைத்தியம். எட்டாவது படிக்கும்போது அரசு ஆஸ்பத்திரியில் எவளோ ஒரு நர்ஸ் இவள் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணியிருக்கிறாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் இவள் மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள். சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உதடு அசைய எண்ணுவாள். "எழுவத்திரெண்டு. நல்லாத்தான் கீற, போ" என்பாள். சூளையிலிருந்து வந்ததும் வராததுமாக அம்மாவின் கையைப் பிடித்தால், "அடச்சீ, வுடுடி, கை கழுவிக்கினு வரேன்" என்று அம்மா கத்துவாள். அந்த மண்ணோடேயே எண்ணிவிட்டுத்தான் விடுவாள்.

பிளஸ் டூவில் நல்ல மார்க். விழுப்புரத்தில் ஒரு நர்ஸிங் காலேஜில் பழங்குடியினருக்கான இடம் அவள் பெயருக்கு வந்துவிட்டது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவளுக்கு அதற்குள் நர்ஸ் காலேஜுக்கென்று வெள்ளைச் சட்டையே தைத்தாயிற்று. தைக்கக் கொடுத்தது நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி என் படங்களைப் பற்றி. கோணிச் சாக்கை விரித்து, அதன்மேல் புற்று மண், அரிசி ஆலையில் வாங்கிய உமிச் சாம்பல், மஞ்சள், அறுந்துபோன வலை நூல் இவற்றையெல்லாம் பசையில் குழைத்துப் பூசுகிறவள் நான். ஆள் கிடையாது, மரம் கிடையாது, ஒரு முகம் கிடையாது. காலேஜில் இதை அப்ஸ்ட்ராக்ட் என்றார்கள், மிக்ஸட் மீடியா என்றார்கள். எனக்கு அது புதிதாகவே இல்லை. எங்கள் கன்னியம்மாவுக்கு உருவம் கிடையாது. கோபம் வந்தால் அவள் கடலுக்குள் போய்விடுவாள். மாசி மகத்தன்று நாங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய், ஈர மணலில் ஏழு படி கட்டி, வெற்றிலை பூ வைத்து, வாடி தாயே என்று கூப்பிடுவோம். அந்த ஏழு படிதான் ஏழு கன்னிமார், அதுதான் கோயில், அதுதான் சாமி. அலை வந்து எடுத்துக்கொண்டு போகும். அதற்காகவே கட்டுவது.

அந்த ஏழு படியைத்தான் நான் ஏழு சாக்கில் செய்திருந்தேன். ஒவ்வொன்றிலும் மண் பட்டைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கிவரும். அடியில் இருக்கும் பட்டை மட்டும் ஈரக்கறையாக மங்கிப்போயிருக்கும். சென்னையில் ஒரு கண்காட்சியில் வைத்தபோது ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இடிஞ்ச அபார்ட்மென்டா?" என்றார். இன்னொருவர் தலைகீழாக மாட்டியிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டார். ஏழும் ஏழாகவே வீடு திரும்பின. அறையில் இடமில்லாமல் அம்மா வீட்டில் கொண்டுபோய்ச் சாத்தினேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"ஐயே, கடக்கரையாச்சே இது," என்றாள். அப்புறம் குனிந்து அடிப் பட்டையைக் காட்டி, "கீழ்ப்படிய அலை தூக்கிக்கினு பூடுச்சா?" என்றாள்.

என் வாழ்க்கையில் என் படத்துக்குக் கிடைத்த ஒரே சரியான விமர்சனம் அது. அதை அன்றைக்கு நான் சிரித்துவிட்டு மறந்தேன்.

சான்றிதழுக்காக விசாரிக்க அலுவலகத்திலிருந்து ஒரு சார் வந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். கொடுத்த மோரைக் குடித்தார், எங்கள் வீட்டுக்கு வந்து யாரும் அப்படிச் சட்டென்று குடிப்பதில்லை. குடித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார், "எலி புடிப்பியாம்மா?"

"இல்லீங்க சார். கல்லறுக்கறோம்."

"பாம்பு?"

"பாம்பப் பாத்தா ஓடிடுவேன் சார்."

"அப்பறம் என்னம்மா இருளர்?" என்று சிரித்தார். அவர் கண் சுவரில் இருந்த டிவிக்குப் போனது, தங்கையின் சுடிதாருக்குப் போனது, என் செல்போனுக்குப் போனது. டிவி பார்க்கிற செட்டியார் செட்டியார் இல்லாமல் போய்விடுகிறாரா என்று கேட்க வாய் வரை வந்தது. தங்கை என் முழங்கையைக் கிள்ளினாள். வெள்ளிக்கிழமைக்குப் பதினோரு நாள் இருந்தது.

சாத்தியிருந்த சாக்குகளை அவர் பார்த்தார். "இது என்னா, வெயிலுக்குக் கட்றதா?"

"படம் சார். அக்கா ஆர்ட்டிஸ்ட்டு," என்றாள் தங்கை.

அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே எங்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அது. "அட, முன்னாடியே சொல்ல வேண்டியதுதான? உங்க ஜனங்க படம் ஒண்ணு வரைஞ்சி குடும்மா. பழங்குடி படம்னா ஒரு மாதிரி இருக்குமே, ஆட்டம் பாட்டம் எல்லாம். ஃபைலோட வெச்சா மேல இருக்கறவங்க பாத்த ஒடனே சைன் பண்ணிடுவாங்க. இந்தச் சாக்கெல்லாம் வேணாம்," என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்தக் குச்சி மனிதர்களை யாருக்குத்தான் தெரியாது? பள்ளிக்கூடக் காம்பவுண்டு சுவரில் இருக்கிறார்கள், காபிக் கோப்பையில் இருக்கிறார்கள், என் ஹெட்மிஸ்ட்ரஸின் புடவைக் கரையிலும் இருக்கிறார்கள். வடக்கே எங்கோ ஒரு மலை ஜனம் தங்கள் வீட்டு மண்சுவரில் அரிசி மாவால் வரைவது அது. அவர்களுக்கு அது அவர்களுடைய உலகம், அவர்களுடைய சாமி. எங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் ஜனம் சுவரில் படமே வரைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்தேன். இரண்டு முக்கோணத்தை முனையோடு முனை சேர்த்தால் உடம்பு, நான்கு கோடு இழுத்தால் கை கால். முதல் பத்து ஆள் வரைக்கும் கை கூசியது, அப்புறம் பழகிவிட்டது. அந்த சார் திருப்திக்கு எலியையும் பாம்பையும் நானாகவே சேர்த்தேன்.

அம்மா வந்து பார்த்தாள். "யாரு இவுங்கல்லாம்?"

"நாமதான்."

"நம்பளா? நம்ப ஜனம் எங்கடி இப்டி கைகோத்துக்கினு ஆடுச்சு?" என்றாள். நிஜமாகவே யோசித்தாள் பாவம். "உங்கப்பன் ஊர்ப் பக்கம் ஆடியிருப்பாங்களோ என்னமோ," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தங்கை போகவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, இது வேணாங்கா. அந்த ஏழுல ஒண்ண எடுத்துக்கினு போலாம். கன்னியம்மாவப் பத்தி நானே சொல்றேன் அவுங்களுக்கு."

"அதப் பாத்தா அந்தாளுக்கு என்னா புரியும்? வெயிலுக்குக் கட்ற சாக்குன்னான், கேட்ட இல்ல?"

"அம்மாவுக்குப் புரிஞ்சுதே."

"அம்மாவா சைன் போடப் போறாங்க?" என்று கத்தினேன். பிரஷ்ஷை டப்பாவில் நான் போட்ட வேகத்தில் வெள்ளைத் தண்ணீர் அவள் சுடிதாரில் தெறித்தது. "உனக்கு சீட்டு வேணுமா, என் சாக்கு வேணுமா? சும்மா பேஜாரு பண்ணாத."

அவள் உள்ளே போனாள். துணியை நனைத்து அந்தக் கறையைத் துடைத்தாள். இன்றைக்கும் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். அவள் சொன்னாள். பதினெட்டு வயசுப் பெண் சரியாகச் சொன்னாள். நான் படித்தவள், எனக்கு எல்லாம் தெரியும்.

அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனது புதன்கிழமை. கிளார்க்குகள் எழுந்துவந்து படத்தைப் பார்த்தார்கள். "சூப்பரா கீதும்மா," என்றார் ஒருவர். வீட்டுக்கு வந்த அந்த சார், தானே வரைந்தது மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். உள்ளே கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி ஒரு பெண். எங்களை உட்காரச் சொன்னார். அம்மா கீழே உட்காரப் போனதைத் தடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே, காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் படத்தை மேசைமேல் சாய்த்து வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது இந்தப் பக்கத்து ஜனங்க வரையறது இல்லையேம்மா," என்றார் மெதுவாக. "நான் ட்ரெயினிங்ல இருந்தப்ப அந்த ஊருக்கே போயிருக்கேன். அவங்க வீட்டுல தங்கியிருக்கேன். இது எப்படி உங்களோடதாகும்?"

உண்மையைச் சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. 'மேடம், உங்களுக்குப் பிடிக்கும்னு போன ஞாயித்துக்கெழமதான் வரைஞ்சேன், எங்க படம் வேற' என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் கேட்டிருப்பார். இப்போது எனக்கு அது நிச்சயமாகத் தெரிகிறது. ஆனால் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த சார் என்னைப் பார்த்தார். திருட்டுத்தனத்தில் மாட்டிக்கொண்டவள் என்ன செய்வாள், இன்னும் ஒரு பொய் சொல்வாள். "எங்க பாட்டி காலத்துலருந்து வரையறோம் மேடம்," என்றேன்.

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க வரைவீங்களாம்மா?"

"இல்லீங்கம்மா. எனக்கு இன்னா தெரியும்? ஞாயித்துக்கெயம அவதான் குந்திக்கினு வரைஞ்சா."

"உங்க மாமியார், உங்க அம்மா யாராச்சும்?"

அம்மா என்னைப் பார்த்தாள். என்ன சொல்லவேண்டும் என்று கண்ணாலேயே கேட்டாள். நான் மேசையைப் பார்த்தேன். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, வந்திருந்தால் எலி பிடிப்பேன் என்று அன்றைக்கே சொல்லியிருப்பாளே. "யாரும் வரைஞ்சதில்லீங்க," என்றாள்.

அப்போது தங்கை எழுந்தாள். "மேடம், எங்க வீட்டுல வேற படம் கீது மேடம். கன்னியம்மா படம். நாங்க கடக்கரையில ஏழு படி..." என்று ஆரம்பித்தாள். தப்பு அவள் மேல் இல்லை. ஆனால் ஒரு பொய் உடைந்த மேசையில் அடுத்து வைக்கும் உண்மையும் பொய்யாகத்தான் தெரியும். அந்த அம்மாள் கையமர்த்தினார். கோபப்படவில்லை. சந்தேகம் வந்தபிறகு தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். பழங்குடிகளைப் பற்றிப் படித்த ஒரு நிபுணர் நேரில் வந்து விசாரிப்பார், அவர் எழுதினால் கட்டாயம் தருகிறேன் என்றார். எவ்வளவு நாளாகும் என்று தங்கை கேட்டாள். அவர் ஃபைலை மூடினார்.

வெளியே வந்து பஸ் ஏறினோம். அம்மா நடுவில் உட்கார்ந்தாள். "நான் எதுனா தப்பா சொல்லிட்டனாடி?" என்று கேட்டாள். இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திண்டிவனம் வரும் வரைக்கும் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அன்றைக்குப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வாழைப்பழம் வரையச் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நாள் விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் நின்றாள். அங்கே உட்காரக் கூடாது. கால் வீங்கிப்போய் அதையும் விட்டுவிட்டு அம்மாவோடு சூளைக்குப் போனாள். யார் கையையும் பிடித்து நாடி எண்ணுவது தானாகவே நின்றுபோயிற்று. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வேண்டுமென்றே கையை அவள் பக்கம் நீட்டினேன். என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மாத்திர போட்டுக்கோ" என்று சொல்லிப் போய்விட்டாள்.

படிப்புதான் இல்லையென்றால் எதற்குப் பெண்ணை வைத்துக்கொண்டிருப்பது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கும் அது சரியாகப் பட்டது. சூளையில் கூட வேலை செய்யும் ஒரு பையன். நல்லவன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வழக்கப்படி மாசி மகத்தில், விடியற்காலை, கடற்கரையில், கன்னியம்மா முன்னால் தாலி கட்டினார்கள்.

நான் எத்தனை முறை சாக்கில் பூசியிருப்பேன் அந்த ஏழு படியை. அன்றைக்கு அதே படிக்கு முன்னால் என் தங்கை கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். புடவைக்கு ரவிக்கையாக அவள் போட்டிருந்தது காலேஜுக்குத் தைத்த அந்த வெள்ளைச் சட்டை. புதுசாகத்தானே இருக்கிறது, வீணாக்குவானேன் என்று மஞ்சள் தண்ணீரில் முக்கிச் சாயமேற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அலை ஏறிவந்து கீழ்ப்படியை எடுத்துக்கொண்டு போனது. சுற்றிலும் ஜனம் வாடி தாயே, வாடி தாயே என்று கூப்பிட்டது. எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. அழுதேன். கல்யாண அழுகை என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவினார்கள்.

நிபுணர் வந்தது சித்திரையில். வயசானவர். உட்கார்ந்து அரைமணி நேரம் அம்மாவோடு பேசினார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த சாக்குகளைக் காட்டி, அது என்ன என்றார். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். "இது கடக்கரைங்க. இது மேல்படி. இங்க வெத்தல வெப்போம். இது அலை தூக்கிக்கினு போன படி." அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

சான்றிதழ் ஆவணியில் வந்தது. நாங்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சரியாக ஒரு வருஷம். தங்கைக்கு அப்போது ஆறாம் மாதம்.

அதை வாங்க நான் தனியாகப் போனேன். அன்றைக்கு மேசையிலேயே விட்டுவந்த என் படத்துக்குக் கண்ணாடி போட்டு, காத்திருக்கிறவர்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். பெஞ்சில் எங்கள் ஜனத்து அம்மாள் ஒருத்தி, முகையூர்ப் பக்கமாம், பள்ளிக்கூட யூனிபார்ம் போட்ட மகளோடு உட்கார்ந்திருந்தாள். மகளின் காதருகே குனிந்து படத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்லாப் பாத்து வெச்சிக்கோ. சாமி கும்புடறப்ப இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டா, இந்த மாதிரி கைகோத்துக்கினு ஆடுவோம்னு சொல்லு. மறந்துடாத." அந்தப் பெண் தலையாட்டி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கையில் காகிதம் வந்ததும் வெளியே வந்துவிட்டேன்.

தங்கை சூளையில் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தாள். கொடுத்தேன். கையைக் கழுவி, புடவையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வயிற்றின்மேல் வைத்து மடிப்பை நீவினாள். அப்புறம் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"லேமினேட் பண்ணி பத்திரமா வையிக்கா. புள்ளைக்கு ஆவும்," என்றாள். "எனக்கே இது இருக்கச்சொல்ல, புள்ளகிட்ட யாரும் படம் கேக்கமாட்டாங்க இல்ல?"

"கேக்கமாட்டாங்க," என்றேன்.

"கேட்டா எதக் குடுப்ப?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டார், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்து மண் குழிக்குப் போய்விட்டாள்.